ஒரே நாள் தரிசனம்

ஃபக்ருதீன்: முன்னாடி நவுந்து உக்காருங்க சாமி. பின்பாரம் ஜாஸ்தியாச்சின்னா குதிரை அந்தரத்துல தொங்கும், ஜட்கா எப்படி ஓடும்?

விஸ்வேஸ்வரன்: இதுக்கு மேல எங்கய்யா நகர்றது? இந்த மூட்டை என் முழங்காலை இடிக்குது. யாரோடது இது, சாமிநாதன் சார்?

சாமிநாதன்: என்னுதுதான். அது வெறும் மெத்தை. உங்களுது என் கட்டைவிரலை நசுக்கிடுச்சே, அது என்ன?

விஸ்வேஸ்வரன்: அது... பூஜைச் சாமான்.

ஃபக்ருதீன்: நான்தான தூக்கி வெச்சேன்? அம்மிங்க அது. குழவி தனியா கோணியில இருக்குது.

விஸ்வேஸ்வரன்: நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. ஆகா... இந்தக் காத்தைப் பாருங்க சார்! நம்ம ரெண்டு பேரும் அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்த காலத்துல, கிருத்திகை தவறாம வருவோமே... அதே மலை, அதே குளம்...

சாமிநாதன்: அதே ஃபக்ருதீன், அதே குதிரை.

ஃபக்ருதீன்: அது செத்துப்பூட்சிங்க. இது அதோட மவன். ஏய் நைனா, நட! பட்டணத்து ஐயாமாருங்க உன்னப் பத்திப் பேசிகினு கீறாங்க.

விஸ்வேஸ்வரன்: என்ன அழகான ஊர்! பெரம்பூர்ல சாக்கடையை மோந்துகிட்டே ரெண்டு பேரும் எதிரும் புதிருமா குடியிருக்கோம். முருகன் பாருங்க, ஒரே ரயில்ல ஏத்திவிட்டு, ஸ்டேஷன்ல இறக்கி, முகத்துக்கு முகம் காட்டறான்.

சாமிநாதன்: ஆமா சார். உங்களை பிளாட்பாரத்துல பாத்ததும் எனக்கு... ரொம்ப... சந்தோஷம். தரிசனந்தானே?

விஸ்வேஸ்வரன்: தரிசனந்தான். ஒரே நாள். சாயங்கால வண்டியில திரும்பிடுவேன். குண்டு விழுந்தா ஜனங்களைக் காப்பாத்தற ஏ.ஆர்.பி. வார்டன் நான், தெருவை விட்டு இருக்கலாமா? நீங்க?

சாமிநாதன்: நானும் சாயங்காலமே.

ஃபக்ருதீன்: மெத்தையோடவா?

சாமிநாதன்: முதுகு வலிய்யா எனக்கு.

விஸ்வேஸ்வரன்: வீட்டுல ஜம்பகம்மா இருக்காங்க இல்ல?

சாமிநாதன்: இருக்கா. எங்க போவா? உங்க வீட்டுல பார்வதம்மா?

விஸ்வேஸ்வரன்: இருக்கா, இருக்கா. அம்மா படுத்த படுக்கையா இருக்கறப்போ அவ எங்க நகர முடியும்? உங்க அப்பா எப்படி இருக்கார்?

சாமிநாதன்: நேத்து நடந்தது மறந்துபோகுது. வேட்டி அவுந்தது தெரியாம தெருவுல இறங்கி நடந்துடறார். பக்கத்துல ஆள் வேணும். பார்வதம்மா வீட்டுல இருக்காங்கன்னு கேட்டதும்... நல்லது சார். ரொம்ப நல்லது.

விஸ்வேஸ்வரன்: ஜம்பகம்மா இருக்கறதும் ரொம்ப நல்லது.

ஃபக்ருதீன்: ஊட்டம்மா ஊட்டுல இருந்தா ரெண்டு ஐயாவுக்கும் இம்மாங் குஷியா? அதிசயந்தான். ஒண்ணு கேக்கட்டுங்களா? ஜப்பான்காரனுக்கு மெட்ராஸ் மேலதான் கோவமாமே? நம்ம சித்தூர் ஜில்லா எல்லை வந்தா குண்டு போடாம ஏரோப்ளேன் திரும்பிடுமாமே? நேத்து என் வண்டியில வந்த வக்கீல் ஐயா சொன்னாரு.

விஸ்வேஸ்வரன்: வக்கீலா! ஓடி வந்துட்டானா? வெக்கமா இல்ல? போன வாரம் தெருமுனையில மேசை மேல ஏறி நின்னு நான் என்ன பேசினேன்? கேட்டீங்களே சாமிநாதன் சார்?

சாமிநாதன்: மறக்க முடியுமா? “பட்டணத்தை விட்டு ஓடறவன் பெத்த தாயை விட்டு ஓடறவன்”னீங்க. நான்தானே மாலை போட்டேன்? நன்றியுரையில, “வார்டன் இருக்கற தெருவுல என் உசுரு இருக்கற வரைக்கும் நான் இருப்பேன்”னு சொன்னேன்.

விஸ்வேஸ்வரன்: ஆமா. கைத்தட்டல் எனக்குத்தான் ஜாஸ்தி... ஏம்ப்பா, ஏன் குதிரையை நிறுத்தறே?

ஃபக்ருதீன்: எங்க போவணும்னு சொல்லுங்க. மலை ஏறுறவங்க படிக்கட்டாண்ட எறங்குவாங்க. அம்மி கொண்டாந்தவங்க வேற எங்கயாச்சும் போவாங்க.

விஸ்வேஸ்வரன்: சும்மா... குளிச்சு வேட்டி மாத்த ஒரு ரூம் இருந்தா...

சாமிநாதன்: ஆமா... கைகால் கழுவ.

ஃபக்ருதீன்: ஊருல ரூமே இல்லீங்க. மாட்டுக்கொட்டாயில தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா கீறாரு. கோயில் சமையக்காரங்க ஊட்டுல விறகு வெக்கிற அறையில ஒரு டாக்டரு. அடிவாரத்துச் சத்திரத்துல ஒண்ணே ஒண்ணு மிச்சம். ஆனா அங்க ஒரு சட்டம் போட்டுட்டாங்க.

விஸ்வேஸ்வரன்: என்ன சட்டம்?

ஃபக்ருதீன்: சத்திரம் வேண்டுதல்காரங்களுக்குக் கட்டினதுங்க. பயந்துகினு வர்றவங்களுக்கு இல்ல. அதனால மொட்டை போட்டு சந்தனம் பூசிகினு வந்தாத்தான் உள்ள வுடுவாங்க. இப்போ ஊருல பாதி மொட்டை பட்டணத்து ஆபீசருங்க. அந்த வக்கீல் ஐயா ஆசையா வளத்த கிராப்பு. நாவிதர் கத்தி வெச்சதும் அழுதுட்டாரு. பக்தியில அழுவுறாருன்னு ஜனம் கன்னத்துல போட்டுகிச்சு.

சாமிநாதன்: நான்... மொட்டைன்னுதான் வந்தேன். வேண்டுதல்.

விஸ்வேஸ்வரன்: சார்! நானும் வேண்டுதல்தான். முதல்ல வேண்டிகிட்டவன் நான்.

சாமிநாதன்: எப்போ வேண்டிகிட்டீங்க?

விஸ்வேஸ்வரன்: அது முருகனுக்கும் எனக்கும்.

ஃபக்ருதீன்: மீசையும் போவும் சாமி.

விஸ்வேஸ்வரன்: மீசையுமா? வார்டனுக்கு மீசை இல்லேன்னா எவன் மதிப்பான்?

சாமிநாதன்: அப்போ விட்டுடுங்க சார். நான் எடுத்துக்கறேன் அந்த ரூமை.

விஸ்வேஸ்வரன்: போகட்டும் மீசை! திரும்ப முளைக்கும்.

ஃபக்ருதீன்: சண்டை வேணாம். சத்திரத்து மணியக்காரர் ஒரு கேள்வி கேப்பாரு. யாருக்காவ வேண்டுதல்னு. அதுக்கு பதில் வெச்சிக்கோங்க.

விஸ்வேஸ்வரன்: அம்மாவுக்கு. இடுப்பு எலும்பு கூடி அவங்க எழுந்து நடக்கணும்னு.

சாமிநாதன்: அப்பாவுக்கு. அவருக்குப் புத்தி தெளியணும்னு.

ஃபக்ருதீன்: நல்ல புள்ளைங்க. ஆனா உடனே கேப்பாரே, அம்மாவுக்கு வேண்டிகினு அம்மாவ எங்க வுட்டுட்டு வந்தேன்னு?

விஸ்வேஸ்வரன்: ரயில்ல அவங்களைத் தூக்கி ஏத்த முடியுமாய்யா? ஸ்ட்ரெச்சர் வேணும், நாலு ஆள் வேணும்... அதான் பார்வதம் பாத்துக்கறா.

ஃபக்ருதீன்: பார்வதம்மா யாருங்க? அரக்கோணத்துல வண்டி நின்னப்போ உங்க பொட்டியிலேர்ந்து ஒரு அம்மா கொழந்தைங்களோட எறங்கி, “மீதிச் சாமானை ரூம் பாத்ததும் அனுப்புங்க”ன்னு கத்திச்சே? நான் அரக்கோணத்துலதான் பையனுக்கு மருந்து வாங்கிகினு அதே வண்டியில ஏறினேன்.

சாமிநாதன்: பார்வதம்மா அரக்கோணத்துலயா இருக்காங்க?

விஸ்வேஸ்வரன்: அது... அவ அண்ணன் வீட்டுக்கு... ஒரு நாள்...

சாமிநாதன்: சார். அப்போ உங்க வீட்டுல யாரு?

விஸ்வேஸ்வரன்: ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? அம்மா இருக்காங்க. பக்கத்துலயே தண்ணி வெச்சிருக்கேன், வாழைப்பழம் வெச்சிருக்கேன். ரெண்டு நாள்ல ஒரு ஏற்பாடு பண்ணிடுவேன். நான் என்ன ராட்சசனா? குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா வெளிய வந்துடும்னு மிருகக்காட்சிச் சாலையில சிங்கத்தையே சுட்டுட்டாங்க சார்! அதைக் கேட்ட அன்னைக்கே பார்வதம் பெட்டி கட்டிட்டா.

சாமிநாதன்: வார்டன் நீங்க!

விஸ்வேஸ்வரன்: விசில் குடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க. குண்டு விழுந்தா அந்தத் தொப்பியில சட்னிதான் அரைக்கலாம். நீங்க மட்டும் என்ன? மெத்தையோட தரிசனமா? இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி உங்க வாசல்ல ஒரு ரிக்‌ஷா நின்னுதே, அது உங்களுதா? நான் திருடன்னு நெனச்சு கதவைச் சாத்திக்கிட்டேன்.

சாமிநாதன்: உங்க வாசல்லயும் ஒண்ணு நின்னுது. ஏரோப்ளேனுக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் விளக்கை அணைச்சு வெச்சிருந்தீங்க, முகம் தெரியல.

ஃபக்ருதீன்: யா அல்லா. ஒரே இருட்டுல ரெண்டு ரிக்‌ஷா.

விஸ்வேஸ்வரன்: சிரிக்காதய்யா. எனக்கு மனசுல பயமே இல்ல, ஏன்னா சாமிநாதன் சார் குடும்பம் எதிர்லயே இருக்கு. அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். “எது வேணும்னாலும் ஜம்பகத்தைக் கூப்பிடும்மா, ஓடி வந்துடுவா”ன்னு. அம்மாவுக்கு இடுப்புதான் போச்சே ஒழிய குரல் கணீர்னு இருக்கு.

ஃபக்ருதீன்: ஜம்பகம்மா ஓடியாருவாங்களா சாமி?

விஸ்வேஸ்வரன்: வருவாங்கய்யா. இப்போதானே சொன்னார், வீட்டுலதான் இருக்காங்கன்னு. சொல்லுங்க சார்.

சாமிநாதன்: ஜம்பகம் பொதட்டூர்பேட்டையில... அவ அக்கா வீட்டுல. நேத்து மத்தியானமே அனுப்பிட்டேன். அங்க தறி போட்ட இடம் போக நிக்கக்கூட இடமில்லையாம். அதான் ரூம் பாக்க...

விஸ்வேஸ்வரன்: பாவி! எங்கம்மா தொண்டை வத்தக் கத்தினா யாருக்குக் கேக்கும்?

சாமிநாதன்: மாலை வாங்கிக்கும்போது தெரியலையா அது?

விஸ்வேஸ்வரன்: மாலை போட்டவன் நீ!

ஃபக்ருதீன்: குதிரை மிரளுது, கத்தாதீங்க. பட்டணத்து வண்டி வர்றதுக்கு இன்னும் நேரம் கீது. ஸ்டேஷனுக்குத் திருப்பட்டுமா?

விஸ்வேஸ்வரன்: ...அவர் போகட்டும். நான் ரூமைப் பிடிச்சு வெக்கறேன்.

சாமிநாதன்: நீங்க போங்க. வார்டனுக்கு டிக்கெட் கூடக் கேக்க மாட்டான்.

ஃபக்ருதீன்: யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. சத்திரமா, ஸ்டேஷனா?

விஸ்வேஸ்வரன்: இருய்யா. இவங்கப்பா இருக்காரே! புத்தி தடுமாறினாலும் கைகால் நல்லாத்தானே இருக்கு? அம்மா கூப்பிட்டா வந்து ஒரு வாய் தண்ணியாவது குடுப்பார். இல்லியா சார்? வருவார்தானே? ஏன் அப்படிப் பாக்கறீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க சாமிநாதன் சார்... அப்பா வருவார்தானே?

சாமிநாதன்: தெருவுல இறங்கி எங்கயாவது போயிடுவாரேன்னு, அவரை உள்ள வெச்சு வெளியில பூட்டிட்டேன் சார்... வார்டன் வீட்டுல எந்நேரமும் ஆள் இருக்கும், பார்வதம்மா திறந்து கஞ்சி குடுப்பாங்கன்னு நம்பி, சாவியை உங்க வீட்டு ஜன்னல் வழியா உள்ள போட்டுட்டு வந்தேன்.