பவளத்துக்குப் பின்னால் ஒரு ஹால்

எனக்கு மீன் என்றால் உயிர். குழம்பில் மட்டுமல்ல, தொட்டியிலும்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்களுக்கு நேர் எதிர் வீடு வெள்ளைத்துரையுடையது. தெருவைப் பார்த்த ஹால் ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் பவளம் வளர்க்கிற கடல்மீன் தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னான். கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக் பிளாஸ்டிக்கா என்று புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டினார்கள். கண்ணாடிதான் கீறல் விழாது என்றாள் தங்கப்பொண்ணு. கடைசியில் என்னிடம் வந்தான்.

"முத்துமீனாக்கா, நீங்க என்ன சொல்றீக?"

காளவாசல் கடைக்கே போய் இரண்டையும் பார்த்தேன். தடித்த கண்ணாடி லேசாகப் பச்சை அடித்தது. அக்ரிலிக்கோ, நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி. அந்தப் பக்கம் கடைக்காரர் பல் குத்துவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. அக்ரிலிக்கே வாங்கச் சொன்னேன். மீனுக்காகத்தான்.

முதலில் வெறும் தண்ணீர் மட்டும் நின்றது. நல்ல காலம் அது. என் ஜன்னலில் நின்றால் அவர்கள் ஹாலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டில் மிக்சரா முறுக்கா என்பது வரை தெரியும். பிறகு கல்லை அடுக்கினான், பவளம் வைத்தான். அது பாட்டுக்குப் புதராக விரிந்து என் கண்ணை மறைத்துவிட்டது.

அவர்கள் மகள் தீப்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போனதை இஸ்திரி போடும் மொக்கையன் சொல்லித்தான் கேட்டேன். "என்னக்கா, ஒங்களுக்கே தெரியாதா?" என்றான். இந்தத் தெருவில் என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

குலசாமி கும்பிடக் கிளம்பியபோது வழக்கம்போல் சாவியை என்னிடம்தான் கொடுத்தார்கள். தண்ணீர் வற்றினால் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டாரைத் தொடாதீங்க என்றார்கள், தொடவில்லை. சுவிட்சைத்தான் தொட்டேன். ராத்திரி பகலாக அலைகிற மீனுக்கும் ஓய்வு வேண்டாமா.

மறுநாள் எல்லாம் நிம்மதியாக மிதந்தன. பவளம் கஞ்சியாகக் குழைந்திருந்தது. செத்ததை வாளியில் அள்ளினேன், கல்லை ஓரமாக ஒதுக்கினேன். அக்ரிலிக்கில் படிந்த பிசுக்கு மட்டும் போகவில்லை. குத்துவிளக்கு துலக்குவதுபோல், தேங்காய் நாரில் பொடி தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். காய்ந்ததும் பார்த்தால், பனி மூடிய மாதிரி ஆகியிருந்தது. ஹாலும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை.

திரும்பி வந்தவர்களிடம் கரண்ட் போய்விட்டது என்றேன். மீனுக்கெல்லாம் பெயர் வைத்திருந்த தீப்தி தேம்பித் தேம்பி அழுதாள். நானும் கூடவே அழுதேன், உண்மையாகவே. தங்கப்பொண்ணு அழவில்லை. கீறல்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கரண்டு போனா மீனு சாகும், சரி. தொட்டிய யாருக்கா வெளக்குனது?"

ஆமாம், நான்தான். கொன்றதும் நான்தான், துலக்கியதும் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது?

சாவி இனிமேல் மொக்கையனிடமாம். அவன் பாவம், மறதிக்காரன். இஸ்திரி வண்டியிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். புதுத் தொட்டி வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தங்கப்பொண்ணு சொன்னபடி கண்ணாடியே வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பச்சை அடித்தாலும் பரவாயில்லை. எம்புட்டுத் தேய்த்தாலும் கீறல் விழாது.