ஏழாம் தொட்டிக்கு நான் போட்ட மதிப்பெண்

இந்தக் காபியில் இனிப்பு தூக்கல் சார். பரவாயில்லை, எங்கள் ஆலை மெஷினில் வருவதும் இதே சர்க்கரைத் தண்ணீர்தான். இருபத்திரண்டு வருஷமாகக் குடித்துப் பழகிவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மேங் ஜே-ஹுன், வயது ஐம்பத்து மூன்று, யோசு தொழில் வளாகத்தில் ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவன். எந்தத் தொட்டி, எந்த வால்வு எப்போது கெடும், கெட்டால் எத்தனை பேர் சாவார்கள் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசிப்பது என் வேலை. நடக்கும் வாய்ப்புக்கு ஐந்துக்குள் ஒரு மதிப்பெண், சேதத்துக்கு ஐந்துக்குள் ஒரு மதிப்பெண். பெருக்கி வருவது பதினைந்தைத் தாண்டினால் வேலையை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒருமுறை ஆலையையே நிறுத்தவைத்தேன். அரித்துப்போன குழாயை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. மாற்றியதால்தான் நடக்கவில்லை என்று ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. வருஷக் கடைசி விருந்தில் உற்பத்தித் தலைவர் பியோ தே-கில் எனக்கு சோஜு சாராயம் ஊற்றிக்கொண்டே, "என்னப்பா மேங், உன் பூதம் வரவே இல்லையே? வழி தெரியாம எங்கயாவது நிக்குதோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் எனக்கு மூன்று வருஷம் மூத்தவர். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி மேங். வயிறு எரிந்தது சார், அதை மறைக்கவில்லை.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. மயிரிழையில் தப்பிய சம்பவம் என்று ஒவ்வொரு தொழிலாளியும் மாதம் இரண்டு சீட்டு எழுதித் தர வேண்டும். குறைந்தால் அந்த ஷிஃப்டுக்குக் கெட்ட பெயர். அதனால் கடைசி நாளில் உட்கார்ந்து கற்பனை செய்வார்கள். ஒரே மாதத்தில் ஒரே படிக்கட்டில் பதினேழு பேர் வழுக்கி விழப் பார்த்தார்களாம். எல்லாவற்றையும் படித்து முத்திரை குத்துவது நான்.

அந்தக் குப்பைக்குள் கி சங்-மோவின் சீட்டு வந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்ப்பவன், ஆலையிலேயே என்னை அண்ணே என்று கூப்பிடும் ஒரே ஆள். கடுங்குளிர் நாளில் ஏழாம் தொட்டியின் அளவுமானி குறைவாகக் காட்டுகிறது, நிரம்பிய பிறகும் இன்னும் இடமிருக்கிறது என்கிறது, என்று எழுதியிருந்தான். போய்ப் பார்த்தேன், உண்மை. அதில் இருப்பது பெட்ரோலைவிடச் சீக்கிரம் பற்றும் திரவம். வாய்ப்பு நான்கு, சேதம் ஐந்து, ஆக இருபது என்று போட்டேன்.

கூட்டத்தில் பியோ சிரித்தார். "சீட்டுல வந்ததா? படிக்கட்டுலயுந்தான் தினம் வழுக்குது. படிக்கட்ட இடிச்சிரலாமா?" பென்சிலால் நான்கை அடித்து இரண்டு ஆக்கினார். பத்து. மூத்தவர் முத்திரை குத்தினால் மற்றவர்களும் குத்துவதுதான் முறை. நானும் குத்தினேன்.

இன்னொரு தடுப்பு பாக்கி இருந்தது. தொட்டி நிரம்பினால் தானாக வால்வை மூடும் சுவிட்ச். டிசம்பர் சோதனையை நானே தனியாகச் செய்தேன். சுவிட்ச் அசையவில்லை, சிக்கியிருந்தது. அதை அப்படியே எழுதியிருந்தால் மறுநாளே மாற்றியிருப்பார்கள். ஒன்றும் நடந்திருக்காது. மறுபடியும் விருந்து, மறுபடியும் பூதம்.

யோசித்துப் பார்த்தேன். இந்த ஆலைக்குப் புத்தி வர ஒரு விபத்து வேண்டும். பெரிய உலையில் வந்தால் முப்பது பேர் போவார்கள். ஏழாம் தொட்டி ஓரத்தில் இருக்கிறது, அங்கே பார்க்கப் போவது ஒரே ஆள். ஒருவர் போனால் முப்பது பேர் பிழைப்பார்கள், இது என் தொழிலில் நல்ல கணக்கு. 'இயங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரியில் அந்த வெள்ளிக்கிழமை காலை ஊரே உறைந்து கிடந்தது. தொட்டியை நிரப்பினார்கள். மானி இடமிருக்கிறது என்றது, சுவிட்ச் சும்மா இருந்தது. வாடை வருகிறதே என்று சங்-மோ இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறான். தொட்டியடியில் அவன் நிற்கும்போதே பற்றிக்கொண்டது. உங்களிடம் படங்கள் இருக்கின்றன, நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை உங்களுக்கே தெரியும். நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம், கேன்டீனில் நான் சூப்பில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சங்-மோ தட்டோடு ஓடி வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணே, ஜெயிச்சுட்டோம்ணே. பியோ சார் ரூமுக்கு நானே போயி நின்னுட்டேன். கண்டபடி திட்டுனாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, முத்திரைய குத்திட்டாரு. திங்கக்கிழமை ஏழாம் தொட்டிய நிறுத்தி மானிய மாத்துறாங்க. ஒவ்வொரு தொட்டியா எல்லாத்தையும் பாக்கப்போறாங்களாம், பெரிய உலையையும் சேத்து."

"அதுவரைக்கும்?" என்றேன்.

"அதுவரைக்கும் எப்பவும்போல நிரப்ப வேண்டியதுதான். அதான் சுவிட்ச் இருக்கே. நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டதுன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்ணே."

தன் தட்டிலிருந்த கடுகுக்கீரைக் கிம்ச்சி ஊறுகாயை எடுத்து என் சோற்றில் வைத்தான். எனக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நான் காப்பாற்ற நினைத்த முப்பது பேரும் அந்த மேசையிலேயே பிழைத்துவிட்டார்கள் சார். அது எனக்கு அப்போதே புரிந்தது. திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிட்டால், ஒன்றும் நடக்காது என்பதும் புரிந்தது.

"நாளைக்கு என்ன ஷிஃப்ட்டுடா?" என்று கேட்டேன்.

"காலை ஷிஃப்ட்ணே."

சரி என்று சொல்லிவிட்டு, மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.