ஏறும் பெட்டி, இறங்கும் எடை

— இல்லவே இல்ல. லிஃப்ட்டுல ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ வருது. கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்ல. பிரேக்குக்கு வேலையே கிடையாது.

— தலையில அடிச்சுக்கலாம் போல இருக்குங்க. ஒரு வாரமா இதையே சொல்லிட்டிருக்கீங்க.

— எனக்குத் தெரிஞ்சது முடி வெட்டுறது. லிஃப்ட் மெக்கானிக் நீதானே மகராசி? விளக்கு.

— முதல்ல அந்தத் துடைப்பத்தைக் கீழ போடுங்க. கடையைக் கூட்டிக்கிட்டே கேட்டா மண்டையில ஏறாது. பாருங்க, கயித்துல இந்தப் பக்கம் ஆளுங்க நிக்கிற பெட்டி. அந்தப் பக்கம் அதுக்கு ஈடா இரும்பு எடை. உச்சியில கப்பி. பெட்டி ஏறினா எடை இறங்கும்.

— அதைத்தானே நானும் சொல்றேன். ஏத்தமும் இறக்கமும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும்.

— போன மாசம் நம்ம பெரியவன் வாசல்ல இருந்து ஓடி வந்தான், சின்னவன் அடுப்படியில இருந்து ஓடி வந்தான். எதிரெதிர்தானே? முட்டிக்கிட்டாங்களே, ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சா?

— எங்க? ரெண்டு மண்டையும் வீங்கிச்சு.

— ஆங்! எந்தப் பக்கம் ஓடினா என்ன? ஓடுறவனோட ஆற்றல் ஓடுறவன்கிட்டதான் இருக்கும். அதுக்குத் திசை கிடையாது. எத்தனை பொருள் ஓடுதோ, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கணக்குப் போட்டுக் கூட்டணும். கழிக்கிற பேச்சே இல்ல. பிரேக் பிடிச்சா பெட்டியையும் நிறுத்தணும், எடையையும் நிறுத்தணும்.

— அப்படியா விஷயம்! சரி, கப்பியையாவது விட்டுடு. பாவம், அது இருந்த இடத்துலயே இருக்கு.

— இந்த நாற்காலியில உட்காருங்க.

— எதுக்கு?

— உட்காருங்கன்னா.

— ஏய், ஏய், சுத்தாத! தலை கிறுகிறுங்குது!

— நாற்காலி இடத்தை விட்டு நகருதா?

— நகரலடி, நிறுத்து!

— நீங்களே காலை நீட்டி நிறுத்துங்க.

— அம்மாடி! முட்டி போச்சு!

— எது இடிச்சுது? அந்த மேசை ஓடி வந்து உங்களை இடிச்சுதா? இருந்த இடத்துல சுத்துறதும் ஓட்டம்தான். கப்பியும் கணக்குல வரும்.

— ஒத்துக்கிட்டேன் தாயி. தைலம் அந்தத் தட்டுல இருக்கு, எடு. இதையாவது சரின்னு சொல்லு: லிஃப்ட் ரெண்டு மடங்கு வேகத்துல போனா, பிரேக்குக்கு வேலையும் ரெண்டு மடங்கு.

— நாலு! நாலு மடங்கு! வேகத்தை வேகத்தாலயே பெருக்கணும்னு முந்தாநாள்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! பாருங்க, எனக்கு ஒண்ணு தோணுது. கேட்கவா?

— கேளு.

— நாளைக்கு இன்டர்வியூல நான் ஃபெயிலாகணும்னு நினைக்கிறீங்களா?

— என்னடி பேச்சு இது?

— பாஸானா ஆய்வாளர் வேலை. வெளியூருக்கு மாத்திடுவாங்க. உங்களுக்கு இப்பத்தான் இந்தக் கடை சூடு பிடிச்சிருக்கு. அதான் தப்புத் தப்பாச் சொல்லி என்னைக் குழப்புறீங்க.

— முடி எல்லா ஊர்லயும்தான் வளரும்.

— சிரிக்காதீங்க. போன ரெண்டு தடவையும் அந்த மூணு அதிகாரிங்க கேள்வி கேட்டாங்க. எல்லாமே தெரிஞ்ச கேள்வி. வாயடைச்சுப் போய் உட்கார்ந்திருந்தேன். என் பேருகூட வரல. நாளைக்கும் அப்படியே ஆச்சுன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க. நீங்க என்னடான்னா விளையாடுறீங்க.

— கண்ணைத் துடை. இங்க பாரு. கடைசியா ஒரே ஒரு தடவை. லிஃப்ட் போயிட்டிருக்கு, திடீர்னு நிறுத்தணும். பிரேக் எதையெல்லாம் அடக்கணும்?

— பெட்டி, உள்ள இருக்கிற ஆளுங்க, எதிர்ப்பக்க எடை, கப்பி, சுத்துற மோட்டார். அவ்வளவுதான்.

— கயிறு?

— என்னது?

— கயிறும்தானே கூடவே ஓடுது. ரொம்ப உயரமான கட்டடம்னா கயிறு மட்டுமே ஒரு கார் எடைக்கு வரும். அதை விட்டுட்டியே.

— முடி வெட்ட மட்டும்தான் தெரியும்னீங்க?

— வாய் தவறி வந்துடுச்சு.

— மழுப்பாதீங்க. எப்படித் தெரியும்?

— நீ சொல்லிச் சொல்லிக் கேட்டது பாதி. கடையில ஆள் இல்லாதப்ப உன் புத்தகத்தைப் புரட்டினது பாதி.

— அப்போ, கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்லன்னது?

— தப்புன்னு தெரியும்.

— கப்பியை விட்டுடுன்னது? ரெண்டு மடங்குன்னது?

— எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னேன்.

— ஒரு வாரமாவா? ஏங்க?

— சரியாக் கேள்வி கேட்கிறவன் முன்னாடி உனக்கு நாக்கு எழும்பாது, தப்பாப் பேசுறவன் ஒருத்தன் கிடைச்சா உன் வாயை மூடவே முடியாது. அதனால நாளைக்கு அந்த மூணு நாற்காலியிலயும் உன் மக்குப் புருஷன்தான் உட்கார்ந்திருக்கான்னு நினைச்சுக்கிட்டுத் திட்டுடி.