சுமந்து வந்தவன்

– கொஞ்சம் நேரா நில்லுங்கண்ணா, காலர் பட்டன் மாட்டணும். கீழே ஹால்ல கூட்டம் சேர்ந்தாச்சு.

– டெலிபோன்காரன் ரிட்டையர் ஆகறதுக்கு எதுக்கு சிஸ்டர் கூட்டம்?

– அட கடவுளே! சண்டையில ரெண்டு கண்ணையும் குடுத்துட்டு வந்து, இந்த ஆஸ்பத்திரி போன் ரூம்ல முப்பது வருஷம் இருந்தவரு நீங்க.

– உக்காந்திருந்தேன், அவ்வளவுதானே.

– எங்க உக்காந்தீங்க? நோயாளி எப்படி இருக்காங்கன்னு யாராச்சும் போன்ல கேட்டா, குச்சியைத் தட்டிக்கிட்டு வார்டுக்கே போயிடுவீங்க. வெளியூர்ல இருந்து ஒரு அப்பன், பொறந்த புள்ளை அழறதைக் கேக்கணும்னு அடம் பிடிச்சானே...

– ஒயரு வார்டு வரைக்கும் எட்டல. அதான் புள்ளையையே இங்க தூக்கிட்டு வரச் சொன்னேன்.

– அதுக்கு நான் உங்களைத் திட்டித் தீர்த்தேன்!

– அவன் காதுல விழுந்தது அந்தத் திட்டுதான். புள்ளை பயந்து வாயை மூடிக்கிச்சு.

– சிரிக்க வைக்காதீங்க, பட்டன் நழுவுது. சரி, உங்க வீட்டுலருந்து யாரு வர்றாங்க?

– போனை வெச்சுட்டா எனக்கு யாரு இருக்கா சிஸ்டர்?

– அப்படிச் சொல்லாதீங்க. உங்க பழைய பட்டாளத்துக்காரங்க வந்திருக்காங்க. வருஷா வருஷம் அவங்க கூடற விழாவுக்குக் கூப்பிட்டும் நீங்க ஒரு தடவை கூட போனதில்லையாமே?

– போகப் பிடிக்கல.

– ரொம்ப வருத்தப்பட்டாங்க. மேடையில நான் பேசப் போறதைக் கூட அவங்களைக் கேட்டுத்தான் தயார் பண்ணேன். ‘கண் போன நிலையிலும், எதிரி ஒருவனை மடக்கி முகாம் வரை கொண்டுவந்த மாவீரர்’...

– அதை மட்டும் பேசாதீங்க.

– ஏண்ணா, தன்னடக்கமா?

– அவன் வழி முழுக்கப் பேசிக்கிட்டே வந்தான், விளங்குதா? ஒரு வார்த்தை எனக்குப் புரியல. நான் மயங்கப் போனா உலுக்குவான். அவன் குடிக்க வெச்சிருந்த தண்ணியை என் வாயில ஊத்தினான். கொஞ்ச தூரம் பாட்டு கூட பாடினான்.

– நீங்க மடக்கின ஆளா?

– வெடியில சிதறிக் கிடந்தவன் யாரைம்மா மடக்குவான்? அவன்தான் என்னை முதுகுல சுமந்துக்கிட்டு வந்தான்.

– கடவுளே... இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?

– சொன்னேன். அடிபட்ட அதிர்ச்சியில உளர்றேன்னாங்க. அப்புறம் பெரிய அதிகாரிங்க வந்து கை குடுத்தாங்க, போட்டோ பிடிச்சாங்க. என் பேச்சு எடுபடல.

– போகட்டும்ணா. அவர் இப்போ எங்க இருப்பாரோ, ஒரு விசாரிப்பு விசாரிச்சுப் பார்க்கலாமா?

– என்னை மெதுவாத்தான் இறக்கி வெச்சான் சிஸ்டர். அவன் நிமிர்றதுக்குள்ள நம்ம ஆளுங்க சுட்டுட்டாங்க.