ஓடுகிற கடிகாரத்தைப் பின்னால் திருப்பக் கூடாது

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தித்தான் ஓடும். வேண்டுமென்றுதான் அப்படி வைத்திருக்கிறேன். என் தங்கை சின்ன வயதிலிருந்தே எதற்கும் தாமதம். பள்ளிக்கூட வண்டியைப் பிடிக்க வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் போனபின் அவளை வளர்த்தது நான்தான். கடிகாரம் ரொம்பவே முந்திப் போனால் பெண்டுலத்தை நிறுத்திவிட்டு, சரியான நேரம் வந்து சேரும்வரை காத்திருப்போம். முள்ளைத் தொட விடமாட்டேன். "ஓடுற கடிகாரத்தைப் பின்னால திருப்பக் கூடாது" என்று அவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அதை அவள் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் ஒப்பிப்பாள் என்று நினைக்கவில்லை, ஐயா. நல்ல ஞாபகசக்தி. என் வளர்ப்பு.

நான் வேலை பார்ப்பது பழைய அட்டைப்பெட்டிகளை நசுக்கிப் பொதியாகக் கட்டும் ஆலையில். இயந்திரங்களுக்கு மூளையாக இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் என் பொறுப்பு. பெரிய அழுத்து இயந்திரத்துக்கு அப்படி இரண்டு. ஒன்று கதவைப் பார்க்கும், மற்றொன்று இரும்புப் பலகையை ஓட்டும். கதவுப் பெட்டி கண் இமைக்கும் நேரத்துக்கு ஒருமுறை 'மூடியிருக்கிறது' அல்லது 'திறந்திருக்கிறது' என்று சேதி அனுப்பும். ஒவ்வொரு சேதியிலும் அனுப்பிய நேரம் இருக்கும். ஓட்டும் பெட்டிக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: எந்தச் சேதியின் நேரம் பிந்தியதோ அதுவே உண்மை. அதற்கு முந்தைய நேரம் போட்டு எது வந்தாலும் பழைய கதை என்று தள்ளிவிடும். ஆகவே இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். புருஷன் பெண்டாட்டி மாதிரிதான். அவ்வப்போது பிணங்கும், நான் போய்ச் சமாதானம் செய்து வைப்பேன்.

மாப்பிள்ளையும் அங்கேதான் மெக்கானிக். தங்கையின் கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான். எங்கள் வீட்டு மாடியில்தான் இருவரும் குடியிருந்தார்கள். குறை சொல்ல முடியாத மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "மச்சான், உங்க வீட்டுக் கடிகாரத்துனால என் ஆயுசுல பாதி முன்னாடியே தீந்துரும்போல" என்று சிரிப்பார்.

மழைக்காலத்தில், கதவுப் பெட்டிக்குச் சரியான நேரத்தைக் கொண்டுவரும் கம்பி நைந்துபோனது. அதன் கடிகாரம் மெல்ல முந்த ஆரம்பித்தது. நான் மாற்றவில்லை. அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை, வெறும் சோம்பல்.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் சாப்பிடும்போது, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் கிளம்புகிறோம் என்றார் மாப்பிள்ளை. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அங்க போனாதான் அண்ணா, நான் கொஞ்சம் மூச்சு விடுவேன்."

அது அவள் பேச்சே இல்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன். மறுநாளிலிருந்து அந்தக் கடிகாரம் முந்திக்கொண்டே போவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். போதுமான அளவு முந்தட்டும் என்று விட்டேன்.

ஒரு மத்தியானம் இயந்திரத்துக்குள் கம்பிச் சுருள் சிக்கிக்கொண்டது. உள்ளே இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மாப்பிள்ளை அதில் ஒருநாளும் தவறியதில்லை. பூட்டும் கையுமாக என் அறைக்கு வந்தார்.

"பூட்டு எதுக்கு மாப்பிள்ளை? அணைச்சா மறுபடி ஓட்ட ஒரு மணி நேரம் ஆகும், வெளிய லாரி நிக்குது. கதவைத் தொறந்தாலே நின்னுடும். நான் இங்கதானே இருக்கேன்."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன மச்சான்" என்றார். பூட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கிப் போவதற்குள் கதவுப் பெட்டியின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பினேன். ஒன்றைக் கவனியுங்கள், தப்பான நேரம் எதையும் நான் வைக்கவில்லை. சரியான நேரத்தைத்தான் வைத்தேன். ஆனால் ஓட்டும் பெட்டியின் கையில், முந்திய கடிகாரம் கடைசியாக அனுப்பிய 'மூடியிருக்கிறது' இருந்தது. அதில் போட்டிருந்த நேரம் இன்னும் வரவே இல்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்தார். மேலே பச்சை விளக்கு எரிந்தது. அது கதவுப் பெட்டியின் விளக்கு, கதவு திறந்திருந்தால் எரியும், அது பொய் சொல்லாது. 'திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது' என்று அது அனுப்பிக்கொண்டே இருந்தது. மற்றது எல்லாவற்றையும் பழைய கதை என்று தள்ளிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை என் சன்னலைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன்.

இயந்திரத்துக்குள் ஒரு மின்கண் உண்டு. அதன் எதிரே ஏதாவது வந்து விழுந்தால் பலகையை நகரச் சொல்லும். வந்தது அட்டைப்பெட்டியா வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது. அவர் ஓரமாக நின்று சுருளை வெட்டி வெளியே எறிந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சுது மச்சான்" என்று குரல் கொடுத்தார். என் மேசையில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது, கைக்கு எட்டும் இடத்தில். ஏறி வரத் திரும்பியபோது அவர் தோள் மின்கண்ணை மறைத்தது. பொத்தானை அழுத்தினேன் ஐயா, அழுத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பலகை போய்த் திரும்பி வந்த பிறகு அழுத்தினேன்.

எல்லோரும் இயந்திரக் கோளாறு என்றார்கள். ஆலையிலும் ஒரு கடிகாரம் முந்துகிறது என்று மாப்பிள்ளை முன்பே தங்கையிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பியதும் என் எதிரே வந்து நின்றாள். "அண்ணா, அதைப் பின்னால திருப்புனீங்களா?" என்றாள். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அதனால் பேசாமல் இருந்தேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இனி அவளை யாரும் எங்கும் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை, அது போதும். வீடு பூட்டிக் கிடக்கிறது, பெட்டி படுக்கையோடு போய்விட்டாள் என்கிறீர்கள். பக்கத்தில் எங்காவது போயிருப்பாள். கடிகாரம் முந்தி ஓடுகிற வீடு, ஐயா. அவள் வர நேரமாவது போலத்தான் தெரியும்.