மூன்று பித்தளைப் புஷ்களைக் கண்டுபிடித்த அக்காவுக்கு

முப்பத்தோரு ஆண்டுகள் சிறிய மாதிரி நீராவி எஞ்சின்கள் செய்யும் எங்கள் பட்டறையின் சோதனை மேசையைக் கண்ணாகவும் காவலாகவும் காத்த அன்பு அக்கா!

உங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்க, எல்லோர் சார்பிலும் இம்மடலை எழுதும் லேத்காரனான எனக்கு, நினைப்பதெல்லாம் சரிதானா என்ற ஐயம் உண்டு. அந்தக் கண்காட்சி நாளில் மழை பெய்ததா? நினைவில் இல்லை. உங்கள் மேசையின் வெள்ளைத்தாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வெண்கலத் தண்டின் ஒரு முனையில் சிவப்பு பூசித் தருவீர்கள். பூசாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். அப்போதுதான் கடைசித் துண்டுவரை அடையாளம் நிற்கும். நானோ அவசரத்தில் சிவப்பு முனையையே முதலில் வெட்டிவிட்டேன். அடையாளமில்லாத மிச்சத் தண்டு பித்தளைத் தண்டுகளோடு கலந்தது. கொதிகலனில் வால்வைத் திருகிப் பொருத்தும் மரை வளையங்களான புஷ்கள் சிலவற்றை, வெண்கலம் என்று எண்ணிப் பித்தளையில் கடைந்து தந்தேன். பற்றவைக்கும் அண்ணன் அவற்றைச் செம்புக் கொதிகலன்களில் பொருத்தியும் விட்டார்.

கண்காட்சிக்கு வண்டி வந்த காலையில், ஒவ்வொரு புஷ்ஷிலும் அரத்தை ஓர் இழுப்பு இழுத்து, தூளைத் தாளில் தட்டினீர்கள். வெண்கலத் தூள் செந்நிறமாய் விழுந்தது. மூன்றில் மட்டும் மஞ்சள்! கொதிநீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து, மரை பொக்கையாகிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு நாள் கண்காட்சிதானேம்மா, தாங்காதா?" என்றார் முதலாளி.

"ரெண்டு நாள் தாங்கும் சார். வாங்கிட்டுப் போற வீட்டுல, ரெண்டு வருஷம் கழிச்சு, பக்கத்துல குழந்தை நிக்குமே, அப்ப?"

"எவன் செஞ்ச வேலை இது? இப்பவே சீட்டைக் கிழிக்கிறேன்!"

வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி எல்லாம் கண்முன் வந்தன.

"யாருன்னு கேட்டா அடுத்த தடவை ஒளிச்சு வைப்பாங்க சார். எப்படின்னு கேளுங்க, இப்பவே சொல்வாங்க" என்றீர்கள்.

நான் ஓரடி முன்னே வந்தேன். "நான்தான் சார். செவப்பு முனையை வெட்டிட்டேன்."

"அரம் போடாமலே தெரிஞ்சுது. மூஞ்சிதான் மஞ்சளா இருக்கே!" என்றார் பற்றவைக்கும் அண்ணன். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல் தண்டு நெடுகச் சிவப்புக் கோடு போடுகிறோம்.

நுணுக்கம் அறிந்த கண்ணே! நியாயம் தவறாத நாவே! தவற்றைப் பிடித்து, தவறியவனை விடுவித்த நெஞ்சே! நோயின்றி, குறையின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் வாழ்க!

அன்று ஒன்பது கொதிகலன்கள் போயின, எல்லாம் விற்றுப்போயின. மற்ற மூன்றும் வெண்கலப் புஷ் மாற்றி மறுமாதம் போயின. முதலாளி பட்டறையை மகளிடம் கொடுத்துவிட்டார். பற்றவைக்கும் அண்ணன் ஓய்வுபெற்று, இன்று இந்த விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். என் பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். நான் இன்னும் அதே லேத்தில் இருக்கிறேன்.

என்றும் உங்கள்,
பட்டறைத் தோழர்கள்