மூர்த்தியின் இடது பக்கம்

மாறன்: கைய குடுண்ணா. பேசாத. நாடித் துடிப்ப எண்ணணும்.

மூர்த்தி: மூச்சே வரல... இதுல எங்க பேசறது...

மாறன்: பேசுற பாரு. மறுபடியும் மொதல்லேருந்து... ம்... ம்... பத்து செகண்டு. முப்பத்தி ஒண்ணு.

மூர்த்தி: நேத்து?

மாறன்: இருவத்தொம்பது.

மூர்த்தி: ரெண்டு ஜாஸ்தி. நல்லதாடா, கெட்டதா?

மாறன்: தெரியலண்ணா. நான் எழுதறதோட சரி. சாயங்காலம் டைப்ரைட்டிங் கிளாஸ் முடிச்சுட்டு, எஸ்.டி.டி. பூத்லேருந்து வேலூருக்குப் போன் போட்டு அர்ஜுனன் சார்கிட்ட மொத்தத்தையும் படிச்சிடுவேன். நல்லதா கெட்டதான்னு அவருதான் சொல்லணும்.

மூர்த்தி: அவரு வேலூர்ல ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு கோச்சு. நாம இங்க வேங்கிக்கால் வெயில்ல சாவறோம். டேய், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைய சுத்தறவன் நான். பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால்ல. சுத்திட்டு வந்து ஒரு டீ அடிச்சா தீந்துச்சு. இந்த நாலு நிமிஷ ஆட்டத்துக்கு அப்பறம் டீ கிளாஸ தூக்கக்கூட கை வரல.

மாறன்: கிரிவலத்துல யாரும் உன் காலுக்கு நடுவுல பந்த விடறதில்லண்ணா. பெரிய கிரவுண்டுல பந்து அந்தாண்ட போனா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கலாம். இது முப்பது தப்படி நீளம், இருவது தப்படி அகலம். மூணுக்கு மூணு, ஒரே கோல். நிக்கணும், திரும்பணும், ஓடணும்... மறுபடியும் நிக்கணும். ஓட்டம் ஆள கொல்லல. திரும்பறதுதான் கொல்லுது.

மூர்த்தி: அத ஏன் என் மூஞ்சியப் பாத்து சொல்ற?

மாறன்: நேத்து நாலு நிமிஷத்துல முப்பத்தெட்டு தடவ திரும்பின.

மூர்த்தி: பரவால்லயே!

மாறன்: முப்பத்தெட்டும் வலது பக்கம்.

மூர்த்தி: இன்னிக்கி?

மாறன்: இன்னிக்கி நாப்பது. நாப்பதும் வலது. இடது பக்கம் போற பந்துக்கு நீ வலது பக்கமா முக்கா வட்டம் சுத்திப் போய் சேர்ற.

மூர்த்தி: சேர்றேன்ல?

மாறன்: சேர்ற. உன்ன மறிக்க வந்த ராமனும் உன்கூடவே சுத்தறான். இன்னிக்கி தல சுத்தி வேலியோரம் வாந்தி எடுத்தான். அதையும் எழுதியிருக்கேன்.

மூர்த்தி: அதான் அன்னிக்கே சொன்னேனேடா, வேண்டுதல்னு. ஞாயித்துக்கிழம மேட்ச் முடியற வரைக்கும் எதையும் வலமாத்தான் சுத்துவேன். மலைய சுத்தற மாதிரி.

மாறன்: உன் வேண்டுதலால இப்ப எல்லாருக்கும் வேண்டுதல் வந்துடுச்சுண்ணா. பிரசாத் மலைக்கு முதுகு காட்ட மாட்டானாம். பந்த எடுத்துக்கிட்டு முன்னாடி போறான், திரும்பி வரும்போது பின்பக்கமாவே ஓடி வரான்.

மூர்த்தி: அவன் சோம்பேறிடா. பின்பக்கமா ஓடினா மெதுவா ஓடலாம்ல...

மாறன்: பாலாஜி தரையில விழ மாட்டானாம்.

மூர்த்தி: அவன் கீப்பராச்சேடா!

மாறன்: நாப்பத்தெட்டு நாள் விரதமாம். தாழ்வா வர்ற பந்த நின்ன இடத்துலயே கும்பிட்டு உள்ள அனுப்பறான். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வாக்கிங் வர்ற கோதண்டராமன் சார் நேத்து செருப்ப கழட்டி விட்டுட்டு நின்னு பாத்தாரு. ஏதோ பூஜைன்னு நெனச்சிட்டாரு.

மூர்த்தி: நெனச்சிட்டுப் போவட்டும். நல்லதுதான.

மாறன்: அண்ணா... நாளைக்கி அர்ஜுனன் சார் நேர்ல வராரு.

மூர்த்தி: இன்னாத்துக்கு? ஞாயித்துக்கிழம நேரா கீழ்பென்னாத்தூருக்கே வந்துடறேன்னுதான சொன்னாரு?

மாறன்: லீவு போட்டுட்டாராம். காலையில ஆறு மணிக்கு இங்க இருப்பாரு. ஒரு கொடி நட்டு, அங்க பத்து தடவ இடது பக்கம் திரும்பி ஓடச் சொல்லப்போறாரு.

மூர்த்தி: எல்லாரையுமா?

மாறன்: உன்ன மட்டும்.

மூர்த்தி: எட்டு பேர்ல என்னை மட்டும் ஏன்டா?

மாறன்: அது... இப்ப இங்க யாரும் இல்லண்ணா. ஒரே ஒரு தடவ இடது பக்கம் திரும்பிக் காட்டேன்.

மூர்த்தி: வேண்டுதல்...

மாறன்: ஒரு தடவைக்கு சாமி கோச்சுக்காது.

மூர்த்தி: சரி, தள்ளி நில்லு... ம்... இதோ... ஆங். திரும்பிட்டேன்.

மாறன்: இப்பவும் வலது பக்கமாத்தான் சுத்தின.

மூர்த்தி: நான் இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்?

மாறன்: இடது பக்கம்.

மூர்த்தி: அப்பறம் இன்னா?

மாறன்: வந்த வழி தப்புண்ணா... உண்மைய சொல்லு. எந்தக் கோயில்ல வேண்டிக்கிட்ட?

மூர்த்தி: அடி அண்ணாமலையில.

மாறன்: போன வாரம் பெரிய கோயில்னு சொன்ன. எழுதியிருக்கேன்.

மூர்த்தி: அந்த நோட்டக் கொளுத்துடா மொதல்ல!

மாறன்: அண்ணா...

மூர்த்தி: ...முட்டிடா. வலது முட்டி. இடது பக்கம் திரும்பணும்னா வலது கால ஊனித் தள்ளணும். ஊனினா, உள்ள யாரோ கதவ அறைஞ்சு சாத்தற மாதிரி இருக்கு.

மாறன்: எப்போலேருந்து?

மூர்த்தி: மூணு வாரம். கீழ்பென்னாத்தூர்ல மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன்ல... களத்துல மூட்ட அடுக்கியிருந்தாங்க. ஒண்ணு தனியா கெடந்துச்சு. சுத்தி யாரும் இல்ல. பத்தடி பின்னாடி போயி, ஓடி வந்து விட்டேன் ஒரு உத.

மாறன்: மூட்டையவா?

மூர்த்தி: மல்லாட்ட தோலுன்னு நெனச்சேன்டா, வெறும் வேர்க்கடலத் தோலு. மெத்துனு இருக்கும்ல.

மாறன்: தோலு இல்லயா?

மூர்த்தி: முழு மல்லாட்ட. மூட்ட அசையக்கூட இல்ல. நான்தான் அசைஞ்சேன்.

மாறன்: மாமனார் பாத்துட்டாரா?

மூர்த்தி: பாத்திருந்தா நான் ஊர விட்டே போயிருப்பேன். சின்னசாமின்னா சும்மாவா? கல்யாணத்தன்னிக்கே என் வயித்தப் பாத்து, மாப்ள பந்து ஆடறவரா, பந்த முழுங்கினவரான்னு பந்தியில கேட்ட மனுஷன். ஞாயித்துக்கிழம முன்னாடி சேர் போட்டு உக்காரப்போறாரு. என் வீட்டுக்காரி உண்ணாமலை அவ தெரு பூரா சொல்லி வெச்சிருக்கா, எங்க வீட்டுக்காரு ஆடறாருன்னு. நான் கோட்டுக்கு வெளிய உக்காந்திருந்தா அவ மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்?

மாறன்: டாக்டர்கிட்ட...

மூர்த்தி: திங்கக்கிழம. சத்தியமா திங்கக்கிழம போயிடறேன். ஞாயித்துக்கிழம மட்டும் ஆடிக்கிறேன். தம்பி, சார்கிட்ட ஏதாவது சொல்லி நாளைக்கி வராம பண்ணுடா.

மாறன்: நான் என்னண்ணா சொல்றது... நான் எது சொன்னாலும் அது...

மூர்த்தி: இரு. ஓடினவன் நான். உனக்கு ஏன்டா இப்படி வேர்க்குது?

மாறன்: வெயிலு.

மூர்த்தி: ஏழு பேர் டீம். நான் நின்னுட்டா எட்டாவது ஆளு நீ. உனக்குத்தான சான்ஸு? நியாயமா நீ சந்தோஷப்படணும்.

மாறன்: சந்தோஷம்தான்...

மூர்த்தி: நோட்ட குடு.

மாறன்: வேணாம்ணா.

மூர்த்தி: குடுடா கம்முனு! ...பிரசாத் முப்பது... ராமன் இருவத்தெட்டு, வாந்தி... உன் துடிப்பு எங்க? மொத பக்கத்துல மட்டும் ஒண்ணு இருக்கு. மாறன், முப்பத்தி நாலு. பக்கத்துல இது இன்னா... 'இரண்டாம் நிமிடம் படுத்துவிட்டேன். பாலாஜி இருவராகத் தெரிந்தார்.'

மாறன்: அது மொத நாள்...

மூர்த்தி: மறுநாள்லேருந்து நீ ஆடவே இல்ல. நோட்டு பேனாவோட வந்து ஓரமா உக்காந்துட்ட!

மாறன்: யாராவது ஒருத்தர் எண்ணணும்லண்ணா. எண்ணறவன் எப்படி ஓட முடியும்...

மூர்த்தி: அடப்பாவி!

மாறன்: நீ நின்னுட்டா நான் முழு மேட்ச் ஆடணும்ணா. அதையே நெனச்சுக்கிட்டு டைப்ரைட்டிங்ல நேத்து ஒரே எழுத்த ஒம்போது தடவ அடிச்சுட்டேன்.

மூர்த்தி: இரு, இரு... இது நேத்தோட பக்கம்தான? மூர்த்தி, வலது இருவத்தொண்ணு... இடது பதினேழா? இது எந்த மூர்த்திடா?

மாறன்: நீதான். எல்லாம் வலதுன்னு படிச்சா சார் உன்ன டீம்லேருந்து தூக்கிடுவாருன்னு, பாதிக்குக் கொஞ்சம் கம்மியா இந்தாண்ட மாத்திப் போட்டேன். கூட்டினா சரியாத்தான் வரும்.

மூர்த்தி: மூணு வாரமாவா? டேய், தங்கம்டா நீ! அப்ப சாருக்கு என் முட்டி தெரியாது, வேண்டுதலும் தெரியாது. பின்ன எதுக்குடா லீவு போட்டுக்கிட்டு என்னை மட்டும் பாக்க வராரு?

மாறன்: மத்தவங்க யாரும் இடதுல பன்னெண்ட தாண்டலண்ணா... ஞாயித்துக்கிழம உன்ன லெஃப்ட் விங்ல ஆட வெக்கப்போறாராம். டீம்லயே இடது பக்கம் ஜாஸ்தி திரும்பறது நீதான்... நோட்டுப்படி.